வலப்பக்கப் பின்னல்

என் தாயாரின் தங்கையார் காலமாகி முப்பத்தோராம் நாளன்று, யாழ்ப்பாணத்து வழக்கப்படி, அவர் நினைவாக ஒரு மலர் அச்சிட்டு வழங்கப்பட்டது. கடல்கடந்து வாழும் உறவினர் வீட்டுப் பிள்ளையொருவர் அதில் எழுதியுள்ள கட்டுரை அன்பு நிறைந்தது, நகைச்சுவையும் உடையது. ஆயினும் அதில் ஒரு செய்தி முழுப் பிழை. தலையில் எண்ணெய் வழியவும் பிண்ணாக்கு மணக்கவும் அவர் தூதரகத்துக்குப் போனமையால் விசா மறுக்கப்பட்டது என்று அக்கட்டுரை கூறுகிறது. எங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாக உலவி வரும் கதைதான். திருமண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. வாய்மொழியாக உலவிய வரையில் நானும் பேசாதிருந்தேன். அச்சில் ஏறிவிட்டபின் அவ்வாறு இருத்தல் தகாது. கொழும்பில் அந்தப் பிண்ணாக்குத் தேய்க்கப்பட்ட தலைகளுள் என் தலையும் ஒன்று. அங்கே அதன் மணத்தைப் பற்றிச் சான்று கூறத்தக்கவர்களுள் இன்று எஞ்சியிருப்பவளும் நான் ஒருத்தியே.

அப்பொழுது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு சிங்கள அம்மையாரின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. வடக்கிலே போர் நடந்துகொண்டிருந்தது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், மெழுகுதிரி, மின்கலம் முதலியன அங்கே செல்லத் தடையிருந்தது. இதை நான் வானொலியில் கேட்டு அறிந்திருந்தேன். ‘பொருளாதாரத் தடை’ என்ற தொடரை எழுத்துப் பிழையின்றி எழுதவும் என்னால் முடியும். சவர்க்காரம் இல்லாத ஒரு வீடு எப்படியிருக்கும் என்பது மட்டும் என் கற்பனைக்கு எட்டவில்லை.

சின்னம்மா யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு சிறிய பாடசாலையில் ஆசிரியையாக இருந்தார். குளிர்நாடொன்றில் வாழ்ந்த ஒருவருக்கு அவரை மணம் பேசியிருந்தார்கள். நாட்டின் பெயர் இங்கு வேண்டியதில்லை. மாப்பிள்ளை நல்லவர், பின்னர் வேறிடத்தில் மணஞ்செய்து நலமாக வாழ்கிறார். தூதரகத்து நேர்முகத்துக்கென்று சின்னம்மா படகேறிக் கடல்நீரேரியைக் கடந்து, வவுனியாவில் நாள்கணக்காகக் காத்திருந்து, புகைவண்டியில் கொழும்பு வந்து சேர்ந்தார். அவருடைய பையில் சில சேலைகளும், கடதாசியில் சுற்றிய கரிய கட்டிகளும், மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டையும், ஒரு சிறு போத்தல் எண்ணெயும் இருந்தன. அவ்வளவே.

“முதல்லை போய் முழுகடி. தலையெல்லாம் புழுதி. ஷாம்பூ தட்டிலை கிடக்கு” என்றார் அம்மா.

“வேண்டாம் அக்கா. நான் கொண்டந்தனான்.”

“என்னத்தை?”

“பிண்ணாக்கு.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “மாட்டுக்கோ?”

“மாட்டுக்கு இதைத் தின்னக் குடுத்தால் மாடு செத்துப்போம் அத்தான். இது இலுப்பை.”

“அப்ப மனுசருக்குப் பரவாயில்லை” என்று சொல்லி அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

ஷாம்பூ என்பதற்குத் தூய தமிழ்ச் சொல்லொன்றை ஆக்கிக்கொள்ள என்னால் இயலாததன்று. வாசகரை அலைக்கழிக்க விரும்பாமையால் அதனை அவ்வாறே வைத்துக்கொள்கிறேன். இலுப்பைப் பிண்ணாக்கு என்பது இலுப்பை வித்திலிருந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை. அதை இடித்து, வெந்நீரில் ஊறவிட்டு, செவ்வரத்தை (செம்பருத்தி) இலைகளைக் கசக்கிப் பிழிந்த வழுவழுப்பான சாற்றுடன் சேர்த்துக் காய்ச்சினால் கரிய குழம்பொன்று கிடைக்கும். அது நுரைக்கும் என்பதே எனக்கு முதல் வியப்பு. நுரை என்பது கடையில் விலைக்கு வாங்கும் பொருள் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

வடக்கிலிருந்து வருவோர் காவல்நிலையத்தில் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்த சில நாள்களில், ஒரு காலைவேளை, காவலர் இருவர் வீட்டைச் சோதிக்க வந்தனர். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் மூடியைத் தூக்கி முகர்ந்துவிட்டு, முகத்தைப் பின்னுக்கு இழுத்து, “மொகத மே?” என்று வினவினார். இது என்ன என்று கேட்கிறார் என எல்லோருக்கும் விளங்கியது. நாள்தோறும் கடைகளில் சிங்களம் பேசும் எங்கள் வீட்டாருக்கு அந்த வேளையில் ஒரு சொல்லேனும் வாயில் வரவில்லை. கீழ்வீட்டு அம்மையார் மூச்சிரைக்கப் படியேறி வந்து, “கொண்டேட்ட கான பெஹெத், மஹத்தயா” என்றார். தலைமயிருக்குப் பூசும் மருந்தாம். காவலர் சின்னம்மாவின் இடைக்குக் கீழே தொங்கிய கூந்தலை ஒருமுறை பார்த்தார். பின்னர்த் தம் தொப்பியைக் கழற்றி, வெளிச்சமான உச்சியைத் தடவிக்கொண்டு, “மடத் டிகக் தென்ன” என்றார். எனக்கும் கொஞ்சம் தாருங்கள் என்பது பொருள். சின்னம்மா உண்மையிலேயே ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். அதனால் விளைந்தது யாதென அறியோம்.

அன்றிலிருந்து கீழ்வீட்டு அம்மையார் எங்கள் அடுக்களைக்கு நாள்தோறும் வரலானார். அவர் வீட்டு வளவில் நின்ற செவ்வரத்தை மரம் விரைவில் மொட்டையாயிற்று.

என் ஆர்வத்தைக் கிளறியது வேறொன்று. சின்னம்மா சிலவற்றை ஏற்பார், சிலவற்றை மறுப்பார். அதற்கு ஒரு விதி இருத்தல் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஷாம்பூவை மறுத்தார். சரி, செயற்கைப் பொருளை வெறுப்பவர் என்று முடிவுகட்டினேன். அம்மாவும் அவ்வாறே எண்ணிச் சந்தைக்குப் போய்ச் சீயாக்காய் வாங்கி வந்தார். சின்னம்மா அதையும் தொடவில்லை.

“சீயாக்காயும் ஆகாதோ உனக்கு? உன்ரை தலையென்ன ராசாவின்ரை தலையோ?”

“கோவிக்காதையுங்கோ அக்கா. நல்ல சாமான்தான். எனக்கு வேண்டாம்.”

வெந்தயத்தை மறுத்தார். தேங்காயெண்ணெயை மறுத்தார். கீழ்வீட்டு அம்மையார் ‘கோமாரிக்கா’ என்று சொல்லிக் கொணர்ந்த கற்றாழையை மட்டும் கண் மலர்ந்து ஏற்றுக்கொண்டார். பச்சையாக இருப்பவற்றையே ஏற்கிறார் என்றொரு கொள்கையை வகுத்தேன்; பிண்ணாக்கின் கருநிறம் அதைப் பொய்யாக்கியது. கசப்பும் வழுவழுப்பும் உடையவையே அவருக்கு உகந்தவை என்று மற்றொன்றை வகுத்தேன். ஊறிய வெந்தயத்தைவிடக் கசப்பும் வழுவழுப்பும் ஒருங்கே உடைய பொருள் வேறேது? அதுவும் வீழ்ந்தது. நேரே கேட்டுவிட்டேன்.

“ஏன் சின்னம்மா வெந்தயம் வேண்டாம்?”

“அது கப்பலிலை வாறது.”

“வந்தால் என்ன?”

“வராட்டில் என்ன செய்யிறது?”

இது விடையா வினாவா என்று எனக்கு விளங்கவில்லை. கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பல் வராத நாளை நான் கண்டதில்லை.

இதற்கிடையில் மாப்பிள்ளை அனுப்பிய பொதியொன்று ஒருவர் கைவழியாக வந்து சேர்ந்தது. அப்பிள் மணமுள்ள ஷாம்பூ, அதன்பின் பூசுவதற்கென்று இன்னொரு போத்தல், அந்நாட்டுக் குளிரில் உதடு வெடிக்காதிருக்கப் பூசும் குச்சி வடிவான பசை. அப்பசை ஸ்ட்ரோபெரிப் பழத்தின் மணமுடையது. அம்மா அவற்றைச் சாமிப்படத்துக்கு முன் வைக்காத குறை. சின்னம்மாவோ போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “வடிவாத்தான் இருக்கு” என்று சொல்லி என் கையில் தந்துவிட்டார்.

“நீங்கள் போடேல்லையோ?”

“தலைக்கு அதைப் பழக்கினால் பிறகு விடாது, பிள்ளை.”

இதை நான் தலைமயிரைப் பற்றிய அறிவியல் உண்மையாகவே கொண்டேன். ஷாம்பூ பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும் பொருள் என்று வகுப்பில் எழுந்து கூறி ஆசிரியையிடம் ஏச்சும் வாங்கினேன்.

எனினும் எனக்கு ஒரு வழி புலப்பட்டது. எங்கள் பாடசாலையில் இரட்டைப் பின்னல் கட்டாயம். தலையை நடுவகிடால் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தை ஷாம்பூவாலும் வலப்பக்கத்தைச் சின்னம்மாவின் குழம்பாலும் கழுவினால் எது மேலானது என்பது தெரிந்துவிடுமன்றோ? சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பாரென்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் தலையை இரு கைகளாலும் பற்றி, உச்சியை வெளிச்சத்துக்குத் திருப்பி, தேங்காய் வாங்குபவர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“செய்வமே?” என்றார். “கொஞ்ச நாளைக்குப் பொறுமை வேணும். ஒண்டும் மறைக்காமல் சொல்லவேணும். கடிச்சால் கடிக்குதெண்டு, எரிஞ்சால் எரியுதெண்டு.”

சனிக்கிழமைதோறும் குளியலறையில் இச்சோதனை நடந்தது. பிண்ணாக்குக் குழம்பு கண்ணிற் பட்டால் உயிர் போகும். “எரியுதோ? எந்தளவுக்கு? போன கிழமையை விடவோ, குறைவோ?” என்று கேட்டபடியே தேய்ப்பார். எரிவு மிகுந்தால் அடுத்த வாரம் பிண்ணாக்கைக் குறைத்துச் செவ்வரத்தையைக் கூட்டுவார். ஒரு சிரட்டைப் பிண்ணாக்குத் தூளுக்கு இரண்டு கைப்பிடி இலை, ஒரு மடல் கற்றாழைச் சோறு, பாதித் தேசிக்காய் (எலுமிச்சை) என்ற அளவில் எரிவு அடங்கிற்று என்பது என் நினைவு. இந்த உலகில் என் தலையைப் பற்றி அத்தனை அக்கறையோடு கேள்வி கேட்டவர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உள்ளதைச் சொல்வதானால் இடப்பக்கமே அழகாக இருந்தது. பட்டுப்போல் பறந்தது, அப்பிள் மணந்தது. வலப்பக்கம் முரடாக, அடக்கமாகக் கிடந்தது. மழைநாளில் அது ஒரு செக்கடியின் மணத்தைத் தந்தது.

“அந்தப் பக்கந்தான் நல்லாயிருக்கு, சின்னம்மா.”

“நல்லாத்தானே இருக்கும். ஆர் இல்லையெண்டது?”

அவருக்குச் சிறிதும் வருத்தம் இல்லாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தோற்றவர் தோற்றவர்போல் இருத்தல் வேண்டாமா?

உதட்டு விடயத்தில் தீர்ப்பு வேறாயிற்று. நாவால் உதட்டை நக்கும் தீய பழக்கம் எனக்கு இருந்தது; அதனால் எந்நேரமும் உதடு வெடித்து, வாயோரம் புண்ணாகிக் கிடக்கும். வெளிநாட்டுப் பசையைப் பூசிப் பார்த்தோம். அதன் சுவை அமிழ்தம். பூசிய மறுகணமே நக்கித் தீர்த்தேன், புண் பெருத்தது. பின்னர்ச் சின்னம்மா அந்த மஞ்சள் உருண்டையைக் கத்தியால் சீவினார். அது தேன்மெழுகு. வேப்பங்கொழுந்து இட்டுக் காய்ச்சிய இலுப்பெண்ணெயில் அதை உருக்கி, அப்பாவின் பழைய விபூதிச் சிமிழில் ஊற்றி ஆறவிட்டார். முதல்முறை மெழுகு குறைந்துபோய், அது என் சட்டைப் பையில் உருகி வெள்ளைச் சீருடையில் வரைபடம் வரைந்தது. அம்மா இருவரையும் ஒருசேர ஏசினார். இரண்டாம் முறை மெழுகு கூடி, உதட்டில் மெழுகுதிரி ஒட்டியதுபோல் இருந்தது. மூன்றாம் முறை கைகூடிற்று. அதன் கசப்பைச் சொல்லி முடியாது. ஒருமுறை நக்கியவர் மறுமுறை நக்கார். புண் ஆறிவிட்டது.

“மருந்தை விடக் கசப்புத்தான் வேலை செய்திருக்கு” என்றார் அப்பா.

“எது செய்தாலென்ன அத்தான், ஆறிச்சுதே” என்றார் சின்னம்மா.

நேர்முக நாள் நெருங்கிக்கொண்டிருக்கையில் எங்கள் பாடசாலையில் பேன் பரவியது. என் தலையும் தப்பவில்லை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். கீழ்வீட்டு அம்மையார் பேன்சீப்பும் வெள்ளைத் துணியும் கொண்டு மேலே வந்து, என்னைச் சாளரத்தருகே இருத்தி, இடப்பக்கத்தை வாரினார். துணியில் பேன்கள் ஊர்ந்தன. பின்னர் வலப்பக்கத்தை வாரினார். மீண்டும் வாரினார். துணியை உதறிப் பார்த்தார்.

“இங்க நிறைய இருக்கு. இங்க நே! நேமெ நே!” என்று தமது தமிழும் சிங்களமுமாகக் கூவினார். இல்லை, இல்லவே இல்லை என்பது அதன் பொருள்.

சின்னம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். சீப்பைப் பறித்துத் தாமே வாரினார். வகிட்டின் ஓரம், காதின் பின்புறம், பிடரி என ஓரிடமும் விடவில்லை. பிறகு சீப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்.

“என்னடி உனக்கு? பிள்ளை பாதித் தலையிலை பேனோடை நிக்கிது, நீ கொஞ்சிக்கொண்டிருக்கிறாய்!” என்று அம்மா சீறினார். “இண்டையோடை நிப்பாட்டுங்கோ இந்த விளையாட்டை. இரண்டு பக்கத்துக்கும் ஒண்டையே போடு.”

பேன் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்தில் இல்லாததற்கு ஒருவர் அழுவது ஏன் என்று நான் அன்று முழுதும் ஆராய்ந்தேன். வென்றுவிட்ட மகிழ்ச்சி என்று முடிவுசெய்தேன்.

நேர்முகத்தன்று காலை அம்மா கெஞ்சினார். “இண்டைக்கு ஒருநாளாவது அந்த ஷாம்பூவைப் போடடி. எனக்காக.” “ஒரு நாள் போட்டாப் பழகாதுதானே” என்று சொல்லிச் சின்னம்மா போத்தலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். ஆகவே மலரில் உள்ள செய்தியை இவ்விடத்தில் திருத்துகிறேன். தூதரகத்துக்குச் சென்ற அன்று அவர் கூந்தலில் எண்ணெய் இல்லை. பிண்ணாக்கு மணமும் இல்லை. அப்பிள் மணந்தது. உதட்டில் அம்மா பூசிவிட்ட சாயமும் இருந்தது. பஸ் தரிப்பிடம்வரை கைபிடித்துப் போனவள் நான்.

அப்பாவோடு சென்றவர் பிற்பகலில் திரும்பினார். முகம் கழுவப் போய்விட்டார். அப்பா அடுக்களை வாயிலில் நின்று அம்மாவிடம் சொன்னவற்றை, உணவுமேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்த நான் கேட்டேன்.

“விசா இல்லை.”

“ஏனாம்?”

“உவள்தான் கேட்டவளாம், தரவேண்டாமெண்டு. ‘எனக்குப் போக விருப்பமில்லை, அக்கா மனம் நோகும், மறுத்தது நீங்கள் எண்டு இருக்கட்டும்’ எண்டு மொழிபெயர்க்கிறவரிட்டைச் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸிலை வரேக்கை எனக்குச் சொன்னவள்.”

அம்மா அடுப்பை அணைத்தார். அப்பா மேலும் சொன்னார்.

“அங்கை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை தலை முழுக்கப் பேனும் புண்ணுமாம். உதடெல்லாம் வெடிச்சுச் சாப்பிடேலாமல் கிடக்குதுகளாம். சவர்க்காரமும் இல்லை, மருந்தும் இல்லை. ‘அங்கை கிடைக்கிற சாமானை வைச்சு என்ன செய்யலாமெண்டு இப்பதான் அத்தான் பிடிபட்டது. இனி எப்பிடி நான் மற்றப் பக்கம் போறது?’ எண்டு என்னைக் கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?”

அம்மா சில நாள்கள் சின்னம்மாவுடன் கதைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேதி சொல்லக் காலி வீதியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். மறுமுனையில் காரணம் கேட்டிருக்க வேண்டும். அம்மாவுக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை, தடுமாறினார். “அது... தலை வழிய எண்ணெய், பிண்ணாக்கு மணம்... கிராமத்துப் பிள்ளையெண்டு நினைச்சிட்டாங்கள் போலை” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். தங்கையைக் காப்பதற்காகத் தாறுமாறாகப் பிறந்த இந்தப் பொய்தான் இத்தனை காலமும் திருமண வீடுகளில் சிரிப்பூட்டி, இப்போது நினைவு மலரிலும் இடம்பெற்றிருக்கிறது.

சின்னம்மா புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை கடைசியாக எனக்குத் தலைமுழுக வார்த்தார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே குழம்பு. நான் கோபமாக இருந்தேன். ஊர் போகாமலே இதற்கு ஒரு தீர்வு உண்டு என்று எனக்குத் தோன்றியிருந்தது.

“நீங்கள் போகத் தேவையில்லை, சின்னம்மா. எவ்வளவு பிண்ணாக்கு, எவ்வளவு இலையெண்டு கடிதத்திலை எழுதிவிடலாம்தானே.”

“எழுதலாம். தேய்க்கிறது ஆர்?”

“அந்தப் பிள்ளையளுக்கு அம்மாமார் இருப்பினம்தானே?”

சின்னம்மாவின் விரல்கள் என் தலையில் அப்படியே நின்றன. குழம்பு நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. எரியுதோ என்று அவர் கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. வாளியிலிருந்து நீரை மொண்டு என் கண்களைக் கழுவினார். அவ்வளவு எளிய கேள்விக்கு, ஓர் ஆசிரியை ஏன் விடை சொல்லாதிருந்தார் என்பதை அன்று நான் அறிந்திலேன்.

மேலே தந்துள்ள அளவுகளும் சேர்மானங்களும் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. போர்க்காலத்தில் அந்தச் சிறிய பாடசாலையில், கிணற்றடியில் வரிசையாக இருந்து, அவர் கையால் தலைமுழுகிய பிள்ளைகள் எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், நான் பிழைவிட்ட இடங்களைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். என்னைவிட அவற்றை அவர்கள் நன்கு அறிவர்.